என் டவுட்டு, அப்பாவின் சஸ்பெக்ட்

எங்கள் வீட்டில் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளுக்குத் தனி மரியாதை உண்டு. ஒன்று அப்பாவுடையது, இன்னொன்று என்னுடையது.

அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயரானவர். தெருவில் இன்றைக்கும் அவர் ஏட்டையாதான். அவருடைய வார்த்தை சஸ்பெக்ட். அவர் வாயில் அது ஒரு செயல் இல்லை, ஓர் ஆள். "ஒரு சஸ்பெக்ட தூக்கியாந்தோம்" என்பார், "சஸ்பெக்ட்டு வாயே தொறக்கல" என்பார். ஃபிரிட்ஜில் வைத்த பால்கோவா குறைந்திருந்தால்கூட, "யாரு சஸ்பெக்ட்டு?" என்று அம்மாவைக் கேட்பார். வீட்டில் இருப்பதே மூன்று பேர்.

என்னுடைய வார்த்தை டவுட்டு. நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது "மிஸ், டவுட்டு" காதில் விழாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. டவுட்டு என்றால் கேள்வி, அவ்வளவுதான். டவுட்டு கேட்கிற பிள்ளை நல்ல பிள்ளை. கேட்காமல் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைத்தான் நான் எழுப்பி நிறுத்துவேன். அந்த வார்த்தைக்குள் வேறு வில்லங்கம் ஏதாவது இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எம்.எஸ்சி., பி.எட். படித்தவள், சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த இரண்டு வார்த்தைகளும் சேர்ந்துகொண்டு என் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அதற்கு முன் வந்த இரண்டு வரன்கள் அப்பாவின் விசாரணைக்கே தாக்குப்பிடிக்கவில்லை. முதல் பையன் வேலையை மூன்று தடவை மாற்றியது ஏன் என்று அப்பா குடைந்த குடைசலில், காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டாவது வீட்டுக்காரர்கள் போன பிறகு போனையே எடுக்கவில்லை. அம்மாவுக்குக் கவலை. எனக்கும் கவலைதான், ஆனால் இல்லாத மாதிரி இருந்தேன்.

மூன்றாவதாக வந்தது சிதம்பரத்து வரன். பையனுக்கு ஆஸ்பத்திரிகளில் இருக்கிற ஸ்கேன் மெஷின், மானிட்டர் எல்லாவற்றையும் ரிப்பேர் பார்க்கிற வேலை. அவருடைய அப்பா நாக்பூரில் வேலை பார்த்தவர் என்பதால் பிறந்ததும் படித்ததும் அங்கேதான். அப்பா காலமான பிறகு அம்மாவும் பிள்ளையும் சொந்த ஊருக்கே வந்துவிட்டார்கள். தமிழ் நன்றாகப் பேசுவார். எழுதவும் படிக்கவும் வராது. சின்ன வயதிலிருந்து இங்கிலீஷ் கதைப் புத்தகமாகப் படித்துத் தள்ளியவர் என்று அவருடைய அம்மா பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமைதான் பின்னால் எங்களைச் சந்தி சிரிக்க வைத்தது.

பெண் பார்க்க வந்த அன்று அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். "எத்தன மணிக்குக் கெளம்புனீங்க? கவர்மெண்ட் பஸ்ஸா, பிரைவேட்டா? எங்கயாவது நின்னுச்சா?" அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். புதுச்சத்திரத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கியதைக்கூட மறைக்கவில்லை. பிறகு மேலே பார்த்து, "மாமா, ஃபேன்ல ஒரு சத்தம் வருது. பாக்கட்டுமா?" என்று கேட்டார். ஹாலில் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்க, ஸ்டூலைப் போட்டு ஏறி, தன் பையிலிருந்தே ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முடுக்க ஆரம்பித்தார். அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து போய், தப்பி ஓடிவிடாமல் காவல் இருப்பது மாதிரி அவர் காலடியில் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். காபித் தட்டோடு நின்றிருந்த எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

மூன்று வருஷமாகக் கிரீச்சிட்ட ஃபேன் அன்றைக்கு வாயை மூடியது. அப்பா ஒரு தடவை அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரி, மேல பேசலாம்" என்றார். எனக்கு அந்தச் சிதம்பரத்துக்காரரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, பிடித்துப்போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சிதம்பரத்தில் நிச்சயதார்த்தம் என்று முடிவானது. கீழ வீதிப் பக்கம் சின்ன மண்டபம், இரண்டு பக்கமும் சேர்த்து ஐம்பது பேர். எங்கள் இருவரின் போன் நம்பரையும் அப்பாவே எழுதிக் கைமாற்றிக் கொடுத்தார்.

புதன்கிழமை சாயந்திரம். என் போன் ஹாலில் சார்ஜில் இருந்தது. நான் டெஸ்ட் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். டிங் என்றது. அடுத்தவர் போனைப் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் அப்பாவுக்குச் சொல்லிப் புரியாது, எட்டிப் பார்த்தார். திறக்காத போனின் மேல் சிதம்பரத்துக்காரர் அனுப்பியதில் பாதி வரிதான் தெரிந்தது. "ஐ சஸ்பெக்ட் யூ..."

அப்பாவின் முகம் அப்படியே ஸ்டேஷன் முகமாகிவிட்டது. "தொற இத" என்றார். திறந்தேன். முழு வரியும் இதுதான். "ஐ சஸ்பெக்ட் யூ லாஃப் எ லாட் வென் யுவர் ஃபாதர் இஸ் நாட் அட் ஹோம்."

அப்பா ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னார். "ஒன்ன சந்தேகப்படுறேன். ஒங்கப்பன் வீட்ல இல்லாதப்ப நீ நெறய சிரிக்கிற." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "சிரிக்கிறன்னா, யாருகூட? அதான கேள்வி? நிச்சயத்துக்கு முன்னாடியே சந்தேகப்படுறான்! கல்யாணத்துக்கு அப்புறம் கதவுக்குப் பூட்டு போடுவான்!"

"அந்தத் தம்பி அப்டியெல்லாம் நெனைக்கிற ஆளா தெரியலியே" என்றாள் அம்மா.

"நீ சும்மாரு. நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிடித்த ஆள் இப்படிச் சொல்லிவிட்டாரே என்று நெஞ்சு எரிந்தது. பிடிக்காதவன் சொல்லியிருந்தால் போடா என்று விட்டிருப்பேன். ஆனாலும் டீச்சர் அல்லவா, ஒருத்தரைக் கேட்காமல் மார்க் போடக் கூடாது. நேரடியாகக் கேட்டுவிடலாம் என்று இங்கிலீஷில் அனுப்பினேன். "ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யூ." அதாவது, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேளுங்கள் என்று பதில் வந்ததும், என்ன தைரியத்தில் இப்படி எழுதினீர்கள் என்று கேட்கலாம் என்று விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. மனதில் இருப்பதை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி என்று ஆரம்பித்திருந்தது. என் மேல் உங்களுக்கு டவுட் இருக்கும்போது இதை மேலே கொண்டுபோவது சரியில்லை. பின்னால் வருந்துவதைவிட இப்போதே நிறுத்திக்கொள்ளலாம். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அட கடவுளே! ஒரு டவுட்டு கேட்டதற்குக் கல்யாணமே வேண்டாமாம்! என் வகுப்பில் இருக்கிற கடைசி பெஞ்சுப் பயல்கூட இதற்கெல்லாம் பயப்பட மாட்டானே!

"பாத்தியா?" என்றார் அப்பா. "கேள்வின்னு ஒண்ணு கேட்டதும் ஓடுறான். விட்டது சனின்னு தல முழுகு." பிறகு அவரே தொடர்ந்தார். "ஆனா மண்டபம் வரைக்கும் பேசியாச்சி. போன்ல முடிக்கக் கூடாது. நாளைக்கு நேர்ல போயி மொகத்துக்கு நேரா சொல்லிட்டு வரேன்."

"நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"சந்தேகம் என் மேலதானப்பா? நான்தான் கேப்பேன்."

மறுநாள் லீவு போட்டேன். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். முதுநகர் தாண்டி, குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி வாடை வந்ததும் பஸ்ஸில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் கர்ச்சீப்பை எடுத்தார்கள். அப்பா மட்டும் எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த சின்ன டைரியில் கேட்க வேண்டிய பாயிண்டுகளை நம்பர் போட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவர் அந்த டைரியை எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இன்றோடு இந்த வரனும் போயிற்று, இனி ஃபேன் சத்தம் போட்டால் நானேதான் ஸ்டூலில் ஏற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தது பையனுடைய அம்மா. கண் சிவந்திருந்தது. "வாங்க சம்பந்தி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அப்படிச் சொல்லலாமா கூடாதா என்று தடுமாறினார். உள்ளே மேஜை மேல் ஏதோ ஒரு மெஷினைப் பிரித்துப் பரப்பிப் போட்டுக்கொண்டு மகன் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தார். ஷேவ் பண்ணாத முகம். ஒரு நாளில் ஒரு மனிதர் இவ்வளவு வாட முடியுமா என்று இருந்தது.

அப்பா உட்காரவில்லை. டைரியைப் பிரித்தார். "தம்பி, நேரா விஷயத்துக்கு வரேன். எம் பொண்ணு மேல ஒங்களுக்கு என்னா சந்தேகம்?"

"சந்தேகமா? எனக்கா?" அவர் என்னைப் பார்த்தார். "மாமா, அவங்களுக்குத்தான் என் மேல டவுட்டு."

"டவுட்டு கேட்டா தப்பா?" நான் கத்திவிட்டேன். "எங்கிட்ட பசங்க தெனம் நாப்பது டவுட்டு கேக்குறானுங்க! நான் என்னா ஸ்கூல விட்டு ஓடிட்டனா?"

அவர் புருவத்தைச் சுருக்கினார். "டவுட்டுன்னா... கொஸ்டினா?"

"பின்ன?"

"ஐயோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "வெறும் டவுட்னு மட்டும் போட்டிருந்தா நானும் கொஸ்டின்னுதாங்க நெனச்சிருப்பேன். நாங்களும் ஸ்கூல்ல டவுட்டு கேட்டவங்கதான். நீங்க அபௌட் யூன்னு சேத்துட்டீங்க. பாடத்துல டவுட்டு வேற, ஆள் மேல டவுட்டு வேற. இந்த ஆள நம்ப முடியல, இவன கட்டிக்க மனசு ஒப்பலன்னு நீங்க சொல்றதா எடுத்துக்கிட்டேன். நைட்டு சோறே எறங்கல."

அவருடைய அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். ஆனால் அப்பா அடுத்த பாயிண்டுக்குப் போகாமல் விடுவாரா? "அது கெடக்கட்டும். நீங்க மொதல்ல சஸ்பெக்ட்னு எழுதுனீங்களே? அதுக்கு என்னா சொல்றீங்க? அது எங்க டிபார்ட்மெண்ட் வார்த்த. எனக்குத் தெரியாதுன்னு சொல்லாதீங்க."

"மாமா, சஸ்பெக்ட்னா எப்பவும் குத்தம் சொல்றது கெடையாது. எனக்கென்னமோ அப்டித்தான் தோணுதுன்னு அர்த்தம். நல்லதுக்கும் சொல்லலாம். இன்னிக்கு சாம்பார் நல்லா இருக்கும்னு சஸ்பெக்ட் பண்றேன்னு சொல்லலாம்."

"சாம்பார யாராவது சஸ்பெக்ட் பண்ணுவாங்களா?" அப்பாவுக்கு அது தாங்கவே இல்லை.

அவர் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டார். நான் போர்டில் போடுவதைவிட நேரான கோடு. "அவன் திருடியிருப்பான்னு சஸ்பெக்ட் பண்றேன்னா, திருடுனது அவன்தான்னு மனசு சொல்லுது. அவன் திருடியிருப்பான்னு டவுட் பண்றேன்னா, அவன் திருடியிருக்க மாட்டான்னு மனசு சொல்லுது. ஒண்ணு ஆமாங்கற பக்கம் சாயுது, ஒண்ணு இல்லங்கற பக்கம் சாயுது. தமிழ்ல ரெண்டுக்கும் நாம சந்தேகம்னு ஒரே வார்த்தையப் போடறோம்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஒரே எண்ணுக்கு முன்னால் ஒருவர் பிளஸ் போட்டிருக்கிறார், ஒருவர் மைனஸ் போட்டிருக்கிறார். சந்தேகம் என்று நாம் படிக்கும்போது அடையாளக்குறியே கண்ணுக்குத் தெரியவில்லை. இதைப் பத்தாம் வகுப்புக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட அந்த நேரத்திலும் தோன்றியது.

ஆனால் அப்பா அந்தக் கோட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். "இருங்க, இருங்க" என்றார். "ஐ டவுட் ஹீ இஸ் த தீஃப் சார், அப்டின்னு நான் ஒரு ஆபீசர்ட்ட சொன்னா, அவரு என்னான்னு எடுத்துப்பாரு?"

"இவன் திருடன் இல்லன்னு நீங்க சொல்றதா எடுத்துப்பாரு."

அப்பா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "அடப்பாவி! அதான் அந்த லாரிக்காரன விட்டுட்டாரா!"

என்னவென்றால், அப்பா சர்வீஸில் இருந்தபோது வடக்கத்திக்கார ஆபீசர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். தண்ணி இறைக்கிற மோட்டார் திருடுபோன கேஸில் ஒரு லாரி டிரைவரை அப்பா பிடித்து, ஆபீசர் முன்னால் நிறுத்தி, கஷ்டப்பட்டு இங்கிலீஷில் இப்படிச் சொல்லியிருக்கிறார். அவரும் ரொம்ப சந்தோஷமாக, குட் என்று சொல்லி டிரைவரை அனுப்பிவிட்டார். அந்த ஆபீசர் ஏதோ வேண்டுமென்றே தன்னை மட்டம் தட்டிவிட்டார் என்று இத்தனை வருஷமும் அப்பா மனதில் வைத்துக்கொண்டிருந்தார். "பாவம், நல்ல மனுஷன். எத்தன தடவ திட்டியிருக்கேன்" என்று அங்கேயே ஆகாயத்தைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தார். பையனுடைய அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டார். எனக்கும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"மாமா, பாருங்க!" என்று அவர் என்னைக் காட்டினார். "இதத்தான் எழுதினேன். அன்னிக்கு நான் ஸ்டூல் மேல நிக்கிறப்பவும் இவங்க இப்டித்தான் ஒதட்டக் கடிச்சிக்கிட்டு நின்னாங்க. நீங்க திரும்புனதும் மொகம் கல்லு மாதிரி ஆயிடுச்சி. இவங்க நெறய சிரிக்கிறவங்களா இருக்கணும், அப்பா முன்னாடி மட்டும் அடக்கிக்கிறாங்கன்னு தோணுச்சி. அவ்ளோதான் மாமா. தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க."

அப்பா என் போனைக் கேட்டு வாங்கினார். அந்த வரியை மறுபடியும் படித்தார். இந்தத் தடவை தமிழில் சொல்லவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பிறகு என்னைப் பார்த்து, "உண்மையா?" என்று கேட்டார்.

அவர் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்விதான். என்னிடம் அப்படி மெதுவாக அவர் எதையும் கேட்டதில்லை. இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும், எதிரில் நிற்கிறவர் சரியாகக் கண்டுபிடித்ததையும் தப்பாக்கியிருக்கும்.

"ஆமாம்ப்பா" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். டைரியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கொல்லைப் பக்கம் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வந்தவர் பையனுடைய அம்மாவைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம ஒம்போதர மணிக்கெல்லாம் மண்டபத்துக்கு வந்துடறோம் சம்பந்தியம்மா" என்றார். பிறகு பையன் பக்கம் திரும்பி, "மாப்ள, மொதல்ல போயி ஷேவ் பண்ணுங்க" என்றார்.

மாப்ள! அதுவரைக்கும் தம்பி. எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அவருடைய அம்மா எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. சாம்பார் நன்றாகவே இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். வெள்ளாற்றுப் பாலம் போயிற்று, பி. முட்லூர் போயிற்று, அவர் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குச் சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு பாரம். அவரை நான் காயப்படுத்திவிட்டேன் என்று தெரிந்தது, எப்படிச் சரிசெய்வதென்று தெரியவில்லை.

புதுச்சத்திரம் தாண்டியதும் கேட்டார். "எதுக்கு சிரிப்ப?"

"என்னாப்பா?"

"நான் வீட்ல இல்லாதப்ப. எதப் பாத்து சிரிப்ப?"

மறைக்க என்ன இருக்கிறது, எல்லாம் வெளியே வந்தாயிற்று. "ஒங்களத்தாம்ப்பா. நீங்க பால்காரர் லேட்டா வந்தா விசாரிப்பீங்க இல்ல, அத நானும் அம்மாவும் நடிச்சுக் காட்டிப்போம். நான் நீங்க, அம்மா பால்காரர்."

அப்பா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "செஞ்சி காட்டு" என்றார்.

"பஸ்ஸுலயா?"

"செய்."

செய்தேன். தாடையை இறக்கி, குரலைக் கட்டையாக்கி, "ஏம்ப்பா, நீ வீட்ட விட்டுக் கெளம்புனது எத்தன மணி? வழியில யாரப் பாத்த? அந்த மாடு அப்ப எங்க இருந்துச்சி?" என்று அவரைப் போலவே ஒரு புருவத்தை மட்டும் தூக்கினேன். பக்கத்து சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். அப்பா சிரிக்கவில்லை. ரொம்பக் கவனமாகக் கேட்டுவிட்டு, "தப்பு" என்றார். "மொதல்ல மாட்டப் பத்திதான் கேப்பேன். மாட்டுல ஆரம்பிச்சாதான் ஆளு ஒளறுவான்."

அவ்வளவுதான். உதட்டைக் கடிக்க நேரமில்லை. பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தேன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நிறுத்த முடியாமல். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கி அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார்.

"ஒங்க அம்மாவும் இப்டித்தான் சிரிப்பாளா?" என்று கேட்டார்.

அம்மாவோடு அவர் குடும்பம் நடத்தி முப்பத்தோரு வருஷம் ஆகியிருந்தது.

"என்னவிட ஜாஸ்திப்பா" என்றேன்.